வர்ஷினிக்குச் சந்திராஷ்டமம்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த சாருலதாவுக்குப் பஞ்சாங்கம் என்பது ஆடுகிற ஸ்டூலின் காலுக்குக் கீழே மடித்து வைக்கும் பொருள். அவள் கணவன் ஸ்ரீகிருஷ்ணாவின் அண்ணா கஸ்தூரிரங்கனோ நகம் வெட்டுவதற்கும் அதைத்தான் கேட்பார். ஸ்ரீகிருஷ்ணா ஒருமுறை உயில் எழுதலாமா என்று யோசித்தபோது, மயிலாப்பூரிலிருந்து அதற்கென்றே வந்து, "உயில் எழுதன்னு நல்ல நாள் எதுவும் போடலைடா, அச்சானியம்" என்று தடுத்துவிட்டுப் போனார். அவனும் எழுதவில்லை. தொண்ணூற்றைந்து வைகாசியில், அருமையான முகூர்த்த நாளொன்றில், ஆபீஸ் நாற்காலியிலேயே மாரடைப்பில் போய்விட்டான். பெற்றவர்கள் முன்பே போயிருந்தார்கள். மிஞ்சியது, அசோக் நகரில் அவன் கடன் வாங்கிக் கட்டிய வீடு, மனைவி, நாலு வயது வர்ஷினி.

பதின்மூன்றாம் நாள் சாப்பாடு முடிந்த கையோடு கஸ்தூரிரங்கன் ஒரு முத்திரைத்தாளை எடுத்தார். பெருமாள் காலடியில் வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது.

"பவர் பத்திரம், சாரு. உனக்காகவும் கொழந்தைக்காகவும் நீ எனக்கு எழுதிக் குடுக்கறே. ஃப்ளாட் கட்டற ப்ரமோட்டர் ஒருத்தன் ரெடியா இருக்கான். வித்து, பணத்தை என் பேர்ல ஃபைனான்ஸ்ல போட்டுடறேன். இருபத்துநாலு பர்சென்ட். அவ கல்யாணத்துக்கு நானாச்சு."

கெட்ட எண்ணம் என்று சொல்லிவிட முடியாது. தம்பி பெண்ணின் சொத்து தன் பேரில் இருப்பதுதான் பத்திரம் என்று மனதார நம்புகிறவர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு.

"யோசிச்சுச் சொல்றேன், அண்ணா" என்று தாளை வாங்கிக்கொண்டு, பின்வீட்டு ஷகீலாவிடம் போனாள் சாருலதா. ஷகீலா ஹைகோர்ட் வக்கீல்.

"கையெழுத்துப் போட்டுடாத, சாரு. வீட்ல பாதி உனக்கு, பாதி கொழந்தைக்கு. உன் மச்சினருக்கு ஒண்ணும் கிடையாது. கொழந்தை பாதியை, கோர்ட் சொல்லாம பெத்தவ நீயே விக்கக்கூடாது. வித்துட்டா, பதினெட்டு வயசுல அவ கேஸ் போட்டுக்கினு அலையணும். கோர்ட்ல பர்மிஷன் கேட்டு மனு போடலாம். ஏழெட்டு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் அவருக்கு என்ன பதில் சொல்றது?"

"சண்டை போடாத. அவர் நம்புறதையே சொல்லு."

அன்று முதல் ஸ்டூல் மறுபடி ஆடத் தொடங்கியது.

ஆடியில் கையெழுத்து ஆகாது என்று அவரே சொல்லிவிட்டார். ஆவணியில் ஒரு நாள் அஷ்டமி, ஒரு நாள் நவமி, ஒரு நாள் சாருலதாவுக்குச் சந்திராஷ்டமம். புரட்டாசியில் மகாளய பட்சம் வந்தது. ஐப்பசியில் அவரே பொறுக்கியெடுத்த சுத்தமான புதன்கிழமையைக் கொண்டுவந்தபோது, சாருலதா பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக் காத்திருந்தாள்.

"அன்னிக்கு வர்ஷினிக்குச் சந்திராஷ்டமம், அண்ணா. சதய நட்சத்திரம்."

"கொழந்தைக்கு இருந்தா என்ன? அவளா கையெழுத்துப் போடப்போறா?"

"அவ பாகத்துக்கும் சேர்த்துத்தானே நான் போடறேன். அப்போ அவளுக்கும் நாள் பார்க்கணுமே."

கஸ்தூரிரங்கனுக்கு அது நியாயமாகப் பட்டது. பஞ்சாங்கத்தை வாங்கிப் புரட்டினார். இனி இருவருக்கும் ஒத்துவருகிற நாளாகப் பார்க்க வேண்டும். கார்த்திகையில் அப்படி ஒன்று கிடைத்தது, ரிஜிஸ்டிரார் ஆபீஸ் லீவு. மார்கழியைப் பற்றி யாரும் பேசவில்லை.

தை மாதம், ஷகீலா போட்டிருந்த மனுவுக்குக் கோர்ட் ஆர்டர் வந்தது. வீட்டை ப்ரமோட்டரிடம் கொடுப்பதானால், குழந்தையின் பாதிக்கு ஈடான ஃப்ளாட் வர்ஷினி பேரிலேயே பதிவாக வேண்டும். பதினெட்டு வயது வரை கோர்ட்டைக் கேட்காமல் தாயே ஆனாலும் அதைத் தொடக்கூடாது.

கஸ்தூரிரங்கன் வந்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு தடவை படித்தார்.

"எப்போ கையில வாங்கினே?"

"வெள்ளிக்கிழமை, பதினொண்ணேகாலுக்கு."

"ராகுகாலம்."

"ஆமாம், அண்ணா. ஜட்ஜ் பார்க்கலை."

அவர் பஞ்சாங்கத்தை இழுத்து வைத்துக்கொண்டு விரலால் கோடு கோடாக இறங்கினார். சமையலறையில் குக்கர் மூன்று தடவை கத்தியது.

"சதயத்துக்கு அன்னிக்கு நன்னாத்தான் இருக்கு" என்றார் கடைசியில். "நிக்கும்."

உட்கார்ந்திருந்த ஸ்டூல் ஆடியது. குனிந்து பார்த்தார். பிறகு அந்தப் பவர் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, மஞ்சள் தடவிய மூலைகளை மட்டும் கவனமாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை எட்டாக மடித்து ஸ்டூலின் காலுக்குக் கீழே வைத்தார்.