மூலை கிள்ளிய அட்டை

புத்தாண்டு அன்று காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் ஒரு தட்டு வரும். அதில் சின்னச் சின்ன அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பைபிள் வசனம். பார்க்காமல் கையை விட்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அந்த வருடம் முழுக்க அதுதான் கடவுள் நமக்குக் கொடுத்த வாக்கு. வெளியே செருப்பு மாட்டும்போதே, "ஒங்களுக்கு என்னா வந்துச்சி?" என்று பரீட்சை மார்க் கேட்பதுபோல் விசாரிப்பு தொடங்கிவிடும்.

அந்த அட்டைகளை அடித்துக் கொடுப்பவன் நான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு சின்ன டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, நடுவில் கடவுளின் வாக்கு.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு டிசம்பரில் போதகர் கொண்டுவந்த பட்டியலை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். வழக்கமாக ஆசீர்வாதமும் சமாதானமும்தான் நிறைய இருக்கும். இந்தத் தடவை பாதிக்குப் பாதி, பயப்படாதே, கலங்காதே, திடமாயிரு என்கிற வகை.

"என்னா பாஸ்டரய்யா, இந்த வருஷம் தைரியம் ஜாஸ்தியா இருக்கே?"

"சபையில பயந்தாங்கொள்ளிங்க ஜாஸ்தியாயிட்டாங்க" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னாரா, எனக்குப் பின்னால் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எனக்கும் அந்தச் சொல்லுக்கும் பழைய தகராறு. யாராவது "பயப்படாதே" என்றால்தான் எனக்குப் பயமே வரும். ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் நர்ஸ் அதைச் சொல்கிறார். நாய் பாய்ந்த பிறகுதான் நாயின் சொந்தக்காரர் சொல்கிறார். சும்மா உட்கார்ந்து டீ குடிக்கிறவனிடம் வந்து யாராவது பயப்படாதே என்று சொல்வார்களா? ஆகவே பயப்படாதே என்கிற அட்டை எனக்கு வாக்கு அல்ல. துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டு. யார் கையில் வருகிறதோ அவன் தலைமேல் மூன்றாம் நம்பர் ஏறிவிட்டது என்று பொருள்.

இத்தனைக்கும் நான் சபையில் பெரிய விசுவாசி. வீட்டு ஜெபக்கூட்டத்தில் சத்தமாக ஜெபிப்பவன், கடவுள் எனக்குச் செய்ததையெல்லாம் கூட்டம் சிரிக்கச் சிரிக்கச் சாட்சி சொல்பவன். என் பைக்கின் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கூட 'அச்சமில்லை எனக்கு' என்பதுதான். என் கடையிலேயே அடித்தது. அந்த பைக்கை நாற்பதுக்கு மேல் ஓட்டியதில்லை.

அட்டைகளை வெட்டி முடித்த அன்று வீட்டுக்குக் கொண்டுவந்து, என் மேசையில் வைத்து அந்தக் காரியத்தைச் செய்தேன். செய்வதெல்லாம் கைகூடும் என்று பொருள்படும் ஓர் அருமையான வசனம் இருந்தது. அந்த அட்டையின் ஒரு மூலையை நகவெட்டியால் துளியூண்டு கிள்ளிவிட்டேன். விஷயம் தெரியாதவன் கண்ணுக்குப் படாது, விரலுக்குப் படும். கடவுளுக்கு என் முகவரி மறந்துவிடக் கூடாது என்று ஒரு சின்ன உதவி.

புத்தாண்டு அன்று வரிசையில் என் மனைவி முன்னால், நான் பின்னால். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு தட்டில் கையை விட்டு ஒன்றை எடுத்தாள். எடுத்த அட்டைக்கு மூன்றே முக்கால் மூலை.

நான் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அவளோ, "கண்ணாடி வூட்டுல இருக்கு, அப்புறம் படிச்சிக்கலாம்" என்று அதை பைபிளுக்குள் செருகிக்கொண்டு போய்விட்டாள். நான் தட்டைத் துழாவிக்கொண்டே நின்றேன். எதைத் துழாவினேன் என்று எனக்கே தெரியாது. தட்டைப் பிடித்திருந்தவர், "அண்ணே, கத்திரிக்காயா பொறுக்குறீங்க? பின்னால ஆளுங்க நிக்கிறாங்க" என்றார். எடுத்தேன். பயப்படாதே.

வீட்டுக்கு வந்தோம். அவள் சமையற்கட்டில் பிரியாணிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவள் பைபிள் மேசைமேல் இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அது என் அட்டை, மூலை கிள்ளியவன் நான்தானே என்று மனசாட்சியிடம் வாதாடினேன். என் மனசாட்சி ஏழை வக்கீல், சீக்கிரம் ஒத்துக்கொண்டது. அட்டைகளை மாற்றி வைத்தேன். சாயங்காலம் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தவள், "எனக்கு பயப்படாதேன்னு வந்திருக்கு" என்றாள். "நல்ல வசனம்" என்றேன்.

மாசியில் ஒருநாள் இட்லி சாப்பிடும்போது, "முழுங்கினா தொண்டையில என்னமோ தடுக்குதுங்க" என்றாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி. கடலூரில் ஸ்கேன் எடுத்தோம். பார்த்த டாக்டர், தைராய்டு கட்டி, சிதம்பரத்தில் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அங்கே கழுத்தில் ஊசி விட்டுச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். கேன்சரா இல்லையா என்று அடுத்த வாரம் சொல்வார்கள்.

அந்த ஒரு வாரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று என் கடைக்கு வந்தவர்களைக் கேட்க வேண்டும். ஒரு கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரின் தலையில் 'வருக வருக' என்று டைப் அடித்துவிட்டேன். பிரிண்ட் கொடுப்பதற்கு முன்னால் இறந்தவரின் மகன் பார்த்ததால் பிழைத்தேன். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும். புயல் எனக்குத்தான் வரவிருந்தது. கூண்டை இறக்கி அவள் தலைமேல் ஏற்றியவன் நான். சட்டைப் பையில் இருந்த அந்த ஆசீர்வாத அட்டை, மூலை போன இடத்தில் நெஞ்சைக் குத்திக்கொண்டே இருந்தது.

யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. பாஸ்டரிடம் சொல்லப் பயம். மனைவியிடம் சொல்ல அதைவிடப் பயம். கடைசியில் என் தங்கை புருஷனிடம் சொன்னேன். கடலுக்குப் போகிறவர், எங்கள் பூர்வீகக் குப்பத்திலேயே இருக்கிறார். என் கல்யாணத்துக்குப் பிறகு நான் சர்ச்சுக்குப் போனேன், அவர் மாரியம்மன் கோயிலோடு இருந்துவிட்டார். திருவிழா பேனர் சொல்ல வந்தவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "ஏன் மச்சான், ஒங்க சாமிகிட்டயே சீட்டு மாத்துனியா? எங்க ஆத்தாகிட்ட பண்ணியிருந்தா இந்நேரம் ஒன் கண்ணு அவிஞ்சிருக்கும்."

"வெளையாடாத மச்சான். அவளுக்கு எதுனா ஆச்சின்னா என்னாலதான்."

"காத்து அடிக்கிறப்ப படகுல எடம் மாறி ஒக்காந்தா காத்து வுட்ருமா? அடிச்சா மொத்த படகுக்குந்தான் அடிக்கும்" என்றார். பிறகு பேனருக்கு அம்மன் படத்தைப் பெரிதாகப் போடச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் ஆறுதல் இருந்ததா, பயமுறுத்தல் இருந்ததா என்று யோசித்து இன்னொரு ராத்திரித் தூக்கம் போயிற்று.

முடிவு வாங்கும் நாள் வந்தது. காலையில் சிதம்பரம் பஸ். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வறுத்த வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டு வந்தாள். பக்கத்தில் எனக்கு இடம் இருந்தது. என்னால் உட்கார முடியவில்லை.

"சார், சீட்டு காலியாத்தான இருக்கு?" என்றார் கண்டக்டர்.

அவளே பதில் சொன்னாள்: "வுடுங்க. அவரு நின்னாதான் பஸ்ஸு வேகமா போவும்னு நெனப்பு அவருக்கு."

நின்றபடியே மனசுக்குள் ஜெபித்தேன். ஜெபம் என்ன ஜெபம், பேரம். ஆலப்பாக்கத்தில், இனிமேல் சபையில் பொய்ச் சாட்சி சொல்ல மாட்டேன் என்றேன். புதுச்சத்திரத்தில், அட்டையை மாற்றியதை அவளிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது, கட்டியை எனக்கே கொடுத்துவிடு என்று சொல்ல வாயெடுத்து, சொல்லத் தைரியமில்லாமல் நிறுத்திக்கொண்டேன். இதுதான் நான்.

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் பதினோரு பேர். நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். பாத்ரூமுக்கு எழுந்தேன். மறுபடியும் தண்ணீருக்கு எழுந்தேன்.

"ஒரு எடத்துல ஒக்காருங்களேன். பக்கத்துல இருக்கவங்க நீங்கதான் பேஷண்ட்டுன்னு நெனச்சிக்கிறாங்க."

உட்கார்ந்தேன். சொன்னேன். நகவெட்டி, மூலை, பிரியாணி, மேசை, எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொன்னேன். "ஒன் பைபிள்ல இருக்கறது எனக்கு வந்த அட்டை. ஒனக்கு வந்தது இது" என்று சட்டைப் பையைத் தொட்டேன்.

அவள் கடலைத் தோலைக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் போட்டாள். "தெரியும்" என்றாள்.

"என்னா தெரியும்?"

"தட்டுல எடுக்கறப்பவே மூலை வெரல்ல பட்டுச்சி. சாயங்காலம் படிக்கறப்ப பாத்தா நாலு மூலையும் இருக்கு. ஒங்க மேசையில நகவெட்டி கெடக்கு, பக்கத்துல வெள்ளையா ஒரு துண்டு. இதுக்கு போலீஸா வரணும்?"

"அப்புறம் ஏன் கேக்கல?"

"ஒங்களுக்கு அது வேணும்போல இருக்குன்னு வுட்டுட்டேன். எதுவா இருந்தாலும் ரெண்டும் ஒரே வூட்டுக்குத்தான வந்துச்சி."

இரண்டு மாதம் நெஞ்சில் குத்திய அட்டைக்கு இவ்வளவுதான் மரியாதை. அந்த நேரம் பார்த்து எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். அவள் எழவில்லை.

"வா."

"நீங்க போயி கேட்டுக்கிட்டு வாங்க" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. "கடலை தின்னுக்கிட்டு வந்தன்னு பாக்குறீங்களா? வாய்க்கு எதுனா வேல இல்லன்னா அழுதுடுவேன்னுதான் தின்னேன். உள்ள வந்து கேக்க என்னால ஆவாதுங்க."

முப்பது வருடமாக எங்கள் வீட்டில் தைரியம் அவளுடைய இலாகா. பாம்பு வந்தால் அவள், கரண்ட் ஆபீசில் சண்டை என்றால் அவள். நான் நகைச்சுவை இலாகா. இலாகா மாற்றம் இப்படி முன்னறிவிப்பில்லாமல் வரும் என்று நான் நினைக்கவில்லை. அவள் பைபிளைத் திறந்து அந்த நாலு மூலை அட்டையை எடுத்து என் கையில் வைத்தாள். "இத வச்சிக்கிங்க. ஒங்களுக்கு வந்ததுதான்."

டாக்டரம்மா இளவயதுக்காரர். "சீட்டக் குடுங்க" என்றார். கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "சார், இது நல்லா இருக்கு. நான் கேட்டது ஓ.பி. சீட்டு."

அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் தேடினார். எனக்குப் பார்க்க வேறு இடம் இல்லை, அட்டையைப் பார்த்தேன். நானே டைப் அடித்து, நானே பிழை திருத்தி, நானே வெட்டிய வசனம். வருடக் கணக்கில் முதல் சொல்லைப் படித்துவிட்டு அங்கேயே நின்று நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்குப் பிறகும் எழுத்து இருந்தது. ஒன்றும் நடக்காது என்று அதில் எங்கேயும் போடவில்லை. நான் உன் கூட இருக்கிறேன் என்றுதான் இருந்தது. அன்று காலையிலிருந்து முதல் தடவையாகப் பேரம் இல்லாமல் ஒரு ஜெபம் வந்தது: சரி, கூட இரு.

"கேன்சர்தான் சார்" என்றார் டாக்டரம்மா. "ஆனா இந்த வகை மெதுவா வளர்றது. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா பெரும்பாலானவங்க நல்லா ஆயிடறாங்க. பேஷண்ட் எங்க?"

"வெளிய இருக்காங்க. பயந்துக்கிட்டு இருக்காங்க."

"நீங்க?"

"நானுந்தாம்மா."

சொல்லிவிட்டுக் கீழே பார்த்தேன். கால்கள் நடுங்கின. நடுங்கிக்கொண்டே நின்றன. பயம் போன பிறகுதான் தைரியம் வந்து உட்காரும், இரண்டுக்கும் ஒரே நாற்காலிதான் இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

வெளியே வந்தேன். வாயில் ஒரு ஜோக் தயாராக இருந்தது. எனக்கு எப்போதும் இருக்கும், கஷ்டமான இடத்தில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நழுவிவிடுவேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கேன்சர்தான். ஆபரேஷன் பண்ணணும். பண்ணா நல்லாயிடும்னு சொல்றாங்க. நீயும் உள்ள வா, சேந்து கேப்போம்."

அவள் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றும் இல்லை, ஒரு மின்விசிறிச் சுவிட்சுதான். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"அந்த மூலை போன அட்டையும் குடுங்க."

கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் படித்தாள். "செய்யறதெல்லாம் கைகூடுமாம். ரெண்டு மாசமா இத பாக்கெட்டுல வச்சிக்கிட்டு நீங்க செஞ்சதுல எது கைகூடுச்சி? கலர் பிரிண்டர்கூட ரிப்பேரு." அதைத் தன் பைபிளில் வைத்துக்கொண்டு எழுந்தாள். இருவரும் உள்ளே போனோம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இன்னும் சிதம்பரம் போய்க் காட்டிவிட்டு வருகிறோம். பஸ்ஸில் இப்போதும் எனக்கு உட்கார வராது, ஆனால் புதுச்சத்திரம் தாண்டியதும் உட்கார்ந்துவிடுகிறேன். பைக் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டேன். பாதி வந்தது, 'எனக்கு' என்பது மட்டும் வரமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டிசம்பர் வந்தால் என் மேசையில் நகவெட்டி இருக்காது. போன டிசம்பரிலும் தேடித் தேடிப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டேன்.

"ஜனவரி ரெண்டாந் தேதி தர்றேன்" என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் குரலில் ஒரு கரகரப்பு தங்கிவிட்டது. அந்தக் குரலில் சொன்னால் எதிர்த்துப் பேச முடியாது.

இந்தப் புத்தாண்டு அன்று நீண்ட நகத்தோடுதான் தட்டில் கையை விட்டேன். பின்னால் ஆட்கள் நிற்கிறார்களே என்று, துழாவாமல், மேலே கிடந்ததை எடுத்துக்கொண்டு வந்தேன்.