பல் டாக்டரும் தலை தீபாவளி மாப்பிள்ளையும்

இன்று காலை வேங்கிக்காலில் பல் டாக்டரிடம் போயிருந்தேன்.

மரத்துப்போக ஊசி போட்டு, வாயை அகலமாகத் திறக்கச் சொல்லி டாக்டரம்மா வேலையை ஆரம்பித்தார். பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தீபாவளி வாரம் என்பதால் பழைய நகைச்சுவைத் தொடரின் தீபாவளி நாடகத்தை மறுபடி போட்டார்கள்.

தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை என்று நினைத்து, டெய்லரை உட்கார வைத்து மாமனார் எண்ணெய் தேய்க்கிறார்.

"ஐயோ, நான் சட்டை குடுக்க வந்த டெய்லருங்க!"

"கூச்சப்படாதீங்க மாப்ளே!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திறந்த வாயோடு சிரிக்கவும் முடியவில்லை. உடம்பு குலுங்கியது, கண்ணீர் கொட்டியது.

"வலி ஜாஸ்தியா இருக்குதுங்களா?" என்றார் டாக்டரம்மா.

இல்லை என்று சொல்லப் பார்த்தேன். "ஆ... ஆ..." என்றுதான் வந்தது.

"பாவம், ரொம்ப துடிக்கிறாரு. இன்னொரு ஊசி எடும்மா" என்று நர்ஸிடம் சொன்னார். அதையும் போட்டார்.

அந்த நேரம் பார்த்து நாடகத்தில் நிஜ மாப்பிள்ளை வந்து கதவைத் தட்டினார்.

"அந்த ரேடியோவ நிறுத்தும்மா. வலியில இருக்கிறவருக்குத் தொந்தரவு."

நர்ஸ் நிறுத்திவிட்டார். நான் கையை ஆட்டியதற்கு, "பரவால்லைங்க, நன்றியெல்லாம் எதுக்கு" என்றார்.

கதவைத் திறந்ததும் என்ன ஆனது? கேட்டவர்கள் தயவுசெய்து எழுதிச் சொல்லுங்கள். போன் பண்ண வேண்டாம், வாய் இன்னும் என் வசத்தில் இல்லை.