மூன்று கட்டங்களும் ஒரு லயத்து வீடும்

என் மருமகன் கம்ப்யூட்டருக்கு விதி எழுதுகிறவன். கட்டாயம், அனுமதி, தடை என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் இயந்திரமே முடிவு சொல்லிவிடும் என்கிறான். கேட்கவே அலுப்பாக இருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளிலேயே, கம்ப்யூட்டர் இல்லாமல், அந்த வேலையைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளார்க்காக இருந்தேன். ஆளுக்கொரு நியாயம் சொல்வது மேனேஜர் துரைக்குப் பிடிக்காது. தோட்டத்து விதிகளை எல்லாம் 'செய்தாக வேண்டும், செய்யலாம், கூடாது' என்று மூன்று கட்டமாக எழுதச் சொன்னார். ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினேன். ஆபீஸ் சுவரில் ஒட்டியபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

காலைப் பெரட்டில், அதாவது ஆபீஸ் முன்னால் ஆள் கணக்கெடுக்கும்போது, பேர் கொடுத்தவருக்கு வேலை கொடுத்தாக வேண்டும். மூன்று நாள் பேர் கொடுக்காதவர், தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் வேலை கொடுக்கக் கூடாது. தனித்தனியே பார்த்தால் ஒன்றிலும் தப்பில்லை.

கொழுந்து பறிக்கும் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தது. புருஷன் கீழே கம்பம் ஊருக்கு இறங்கிப் போனவன், திரும்பவில்லை; வீட்டில் பேர் கொடுக்க வேறு ஆள் இல்லை. நாலாம் நாள் வாட்ச்மேன் போய் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, அட்டவணை அப்படித்தான் சொன்னது. நான் துரையிடம் ஓடினேன். அவளுக்கு விலக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, காட்டு என்றார். நான் எழுதவில்லை. எழுதத் தோன்றவே இல்லை.

மறுநாள் தூறலில், கம்பளிக்குள் பிள்ளையோடு அவள் பெரட்டுக்கு வந்து நின்றாள். கங்காணி கூப்பிட்டதும் பேர் கொடுத்தாள். இப்போது அவளுக்கு வேலை கொடுத்தாகவும் வேண்டும், கொடுக்கவும் கூடாது. துரை சுவரில் இருந்த அட்டவணையை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு, உன் பாடு என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் பேரை எழுதிக்கொண்டு அவளை வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

"நாளைக்கும் பிள்ளையத் தூக்கிட்டு வரணுமாய்யா?"

"வேண்டாம் தாயீ. பேரை நான் எழுதிக்கிடுதேன். வீட்டை யாரும் கேக்க மாட்டாங்க."

தலையாட்டிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் அதே இடத்தில் பிள்ளையோடு நின்றாள். எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. என் வாய்ச்சொல்லை அவள் நம்பவில்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் நான் சுவரில் ஒட்டியதைத்தான் நம்பினாள். நாற்பது நாள் முடிகிறவரை வந்தாள்.