பெயர் போடாத பேனர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரகடத்தில் கம்பெனிகளுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்த காலத்தில் தார்ப்பாய் கட்டி டீக்கடை போட்டேன். அடுத்து மெஸ். அடுத்து வாலாஜாபாத் போகும் ரோட்டை ஒட்டி, லாரி லாரியாக மண்ணடித்து மேடாக்கிய நிலத்தில் வாடகை அறைகள். "பள்ளத்துல கட்றான், மொத மழைக்கே மெதக்கப் போறான்" என்று பங்காளிகளே சிரித்தார்கள். எத்தனை மழை வந்து போய்விட்டது, ஒரு சுவர் விரியவில்லை. பக்கத்திலேயே ஒரு மண்டபம். காதுகுத்து, வளைகாப்பு, நிச்சயம் எல்லாம் அதில்தான். இதற்கெல்லாம் எவனும் ஒரு செங்கல் எடுத்துத் தந்ததில்லை.

கடைசியாக நான் கட்டி எழுப்பியது ஒரு படவிழா. அதைப் பற்றி இப்போது ஒரு ஆபீசில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதில் என்னை விட்டுவிட்டார்கள். அதனால்தான் நானும் எழுதுகிறேன்.

என் மாடி அறையில் குடியிருக்கும் பெண் ஒருத்தி, சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. வண்டிக்குப் பாகம் செய்யும் கம்பெனியில் மூன்று வருஷமாகக் காண்ட்ராக்ட் வேலை. ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தவள் நேரே என்னிடம் வந்தாள்.

"ஐயா, லைன்ல வேல பாக்கவங்க போன்லயே எடுத்த படம் ஏழு இருக்கு. ஞாயித்துக்கெழம மத்தியானம் மண்டபம் சும்மாதான கெடக்கு?"

"சும்மா கெடந்தா ஓசில குட்த்துடணுமா?"

"நாங்க கூட்டிக் கழுவி விட்டுருதோம்யா."

சிரித்துவிட்டேன். கொடுத்தேன். அவர்கள் கையில் ஒன்றும் கிடையாது. டியூஷன் சென்டரில் புரொஜெக்டரை இரவல் வாங்கியது நான். கோயில் ஸ்பீக்கரைக் கேட்டு வாங்கியதும் நான். திரைக்குத்தான் வழியில்லை. வேட்டி, போர்வை என்று எதைக் கட்டினாலும் சுருக்கம் விழுந்தது.

அவள் எடுத்த படத்தை எனக்கு மட்டும் முதலில் போட்டுக் காட்டினாள். கம்பெனி வாசலிலேயே போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள், அதனால் உள்ளே எடுத்தது ஒன்றுமில்லை. எல்லாம் என் மாடி அறையில் எடுத்தது. படம் முழுக்கக் கைகள்தான். துணி பிழியும் கை, பூண்டு உரிக்கும் கை. கடைசியில் ஒரு கை வந்தது. அதில் இரண்டு விரல் பாதிதான். கை உள்ளே போனால் மிஷின் தானாக நிற்க ஒரு சென்சார் உண்டாம். அதனால் உருப்படி குறைகிறது என்று அந்த சென்சாரைக் கம்பி வைத்துக் கட்டிவிட்டார்களாம். அதை ஒரு குரல் சொல்லிக்கொண்டே போகிறது. முகம் இல்லை. முடிவில் பெயரும் இல்லை.

"எடுத்தவங்க பேர் எங்கம்மா?"

"பேரு வேண்டாம்யா. எங்கயும் போட்டுறாதீங்க. அடுத்த மாசம் பர்மனென்ட் லிஸ்ட் வருது. அதுல என் பேரு வரணும். இதுல வரக்கூடாது."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. நான் கட்டிய ஒவ்வொன்றின் நெற்றியிலும் என் பெயர் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில்கூட இருக்கிறது. செய்தவன் யார் என்று தெரியாமல் ஒரு காரியம் நடக்கலாமா?

ஸ்ரீபெரும்புதூரில் பேனர் அடிக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரன் எனக்குத் தெரிந்தவன்.

"பேரே இல்லாத பேனரா? இன்னா பெரியப்பா, காத்துக்கா விழா எடுக்கறே?"

"பேர் வாணாம். மூஞ்சி போடு."

அறைக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது குடிவருகிறவர்கள் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று தருவார்கள். வாடகைப் பாரத்தில் ஒட்டிப் பத்திரமாக வைத்திருப்பேன். படம் எடுத்த ஏழு பேரும் என் அறைக்காரர்கள். ஏழு போட்டோவையும் பிய்த்துக் கொடுத்தேன். ஐடி கார்டுக்காக எடுத்த போட்டோக்கள்தான் எல்லாம். யூனிபார்ம் சட்டையோடு இருந்தார்கள். மேலே கை கூப்பியபடி நான்.

சனிக்கிழமை காலை, ஏழு பேரும் ஷிப்டுக்குப் போன பிறகு, கம்பெனி பஸ்கள் திரும்பும் முனையில் கட்டினேன். பஸ்கள் மெதுவாகத் திரும்பும்போது ஜன்னலோரம் எல்லாத் தலையும் பேனரைப் பார்த்தன. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இருவர் இறங்கி, தூரத்தில் நின்று ஒன்று, பிறகு ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் போய் ஒன்று என்று போனில் போட்டோ எடுத்தார்கள். ஷூ போட்டிருந்த ஆள் கேட்டான்.

"இவங்கள்லாம் எங்க தங்கியிருக்காங்க?"

"நம்ம ரூம்தான் சார். தோ, அந்த மாடி."

"நல்லா பண்ணியிருக்கீங்க" என்றான். அவன் சிரிக்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு அந்த முனையிலேயே இறங்கிவிட்டாள். பேனருக்கு எதிரே நெடுநேரம் நின்றாள்.

"ஐயா, நான் என்ன சொன்னேன்?"

"பேர் போடாதன்னே. போட்டனா? தேடிப் பாரு."

"கம்பெனிச் சட்டக் காலர் தெரியுதேய்யா."

அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவளும் கூட இருந்தவர்களும் பேனரைக் கழற்றிச் சுருட்டி மண்டபத்துக்குத் தூக்கி வந்தார்கள். பின்பக்கம் வெள்ளையாக, சுருக்கமில்லாமல் இருந்தது. அதையே திருப்பிக் கட்டித் திரையாக்கினார்கள்.

ஞாயிறு மூன்று மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. குளியலறை வாசலில் வரிசையில் நிற்பதைப் பற்றி ஒரு படம். "டேய், அது என் பக்கெட்டுடா! காணோம்னு ஒரு மாசமா தேடிக்கினு இருக்கேன்" என்று ஒருவன் எழுந்து கத்த, சிரிப்பு அடங்கவில்லை. கதவோரம் ஒரு ஆள் மட்டும் சிரிக்கவில்லை. அவன் காலைப் பார்த்தேன். அதே ஷூ.

அவளுடைய படம் கடைசி. திரைக்குப் பின்னால் மேற்குப் பக்க ஜன்னல். அதை மறைத்துத் தார்ப்பாய் கட்டியதும் நான்தான். காற்றில் ஒரு முனை அவிழ்ந்து விழுந்தது. மாலை வெயில் பேனரை ஊடுருவி வந்தது. பாதி விரல் கை திரையில் அசைந்துகொண்டிருக்க, அதற்கு அடியிலிருந்து ஏழு முகங்கள், இடவலம் மாறி, மெல்ல எழும்பி வந்தன. என் முகமும்தான். நான் ஓடிப்போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தபோது கதவோரம் ஆள் இல்லை.

திங்கள் ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கம்பெனி பஸ் அவளைப் பார்த்தும் நிற்காமல் போனது. புதன்கிழமை காண்ட்ராக்டர் ஆபீசில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தவள் என்னைத் தேடி வந்து சொன்னாள்.

"யாரு ஏற்பாடுன்னு கேட்டாங்க. நான்தான்னு எழுதிக் குடுத்துட்டேன். ஒங்கள இதுல இழுக்கலய்யா, பயப்படாதீங்க."

எனக்கு ஆறுதல் சொல்கிறாள். இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை.

மறுநாளே அந்த ஆபீசுக்குப் போனேன். வாசலில் செக்யூரிட்டி தடுத்தான். "பெரியவரே, உனுக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம்? போய் வேலயப் பாரு."

சம்பந்தமா? எழுதிக்கொள்ளுங்கள். மண்டபம் என்னுடையது. போட்டோவைப் பிய்த்துக் கொடுத்தவன் நான். முனையில் கட்டியவன் நான். மாடியைக் கை காட்டியவன் நான். அவள் பெயர் போடாமல்தான் படம் எடுத்தாள், ஒருத்தர் முகத்தையும் காட்டவில்லை. காட்டியது நான். லிஸ்ட் இன்னும் ஒட்டவில்லை என்கிறார்கள். ஒட்டுவதற்குள் அந்த விசாரணைத் தாளை எடுங்கள். ஏற்பாடு செய்தவர் என்ற இடத்தில் அவள் பெயரை அடித்துவிடுங்கள். அங்கே என் பெயரை எழுதுங்கள், கொட்டை எழுத்தில். அது எனக்குச் சேர வேண்டியது.