பிள்ளைத்தாய்ச்சிக்கு முதல் பந்தி

மந்தைவெளி மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. போனில் ஒரு போஸ்டர். எங்கள் அறக்கட்டளையின் தலைவர் அதில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிறந்தநாள் போலும் என்று மூடப் போனேன். மூலையில் தபால்தலை அளவுக்கு இன்னொரு படம். டாக்டர் ஃபிலோமினா. கீழே ஆழ்ந்த இரங்கல் என்று போட்டிருந்தார்கள். இறந்தவர் யார் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அழுகைக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார் கீரைக்காரம்மா.

"எங்க டாக்டரம்மா போயிட்டாங்க."

"சாந்தோம் டாக்டரம்மாவா? ஐய, என் மருமவ சாப்ட்டாளான்னு கேட்டுக்கினே நிக்குமே அது" என்று கையிலிருந்த கட்டைக் கீழே வைத்துவிட்டார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்டர் ஃபிலோமினா சாந்தோமில் பல தலைமுறையாக வாழும் கத்தோலிக்கக் குடும்பத்தவர், பிரசவ மருத்துவர். அடையாறில் கிளினிக் வைத்து வசதியாக இருந்திருக்கலாம். அதை விட்டு, மதுராந்தகம் பக்கத்துக் கிராமங்களில் தாய்சேய் நலப் பணி செய்யும் எங்கள் அறக்கட்டளைக்கு வந்தார்கள். அலுவலகம் கோபாலபுரத்தில், ஏசி அறையில். வேலை அங்கே, வெயிலில். களப்பணி ஒருங்கிணைப்பாளரான நான் ஜீப்பில் அவர்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அவர்கள் வந்த காலத்தில் நாங்கள் கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு டப்பா கொடுத்துக்கொண்டிருந்தோம். டப்பாவின் மேல் தலைவரின் முகம். டப்பா வாங்கியவள் எல்லாம் தேறிவிட்டாள் என்று அறிக்கை எழுதுவோம். ரத்தச்சோகை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. டாக்டர் முகாம் போடுவதை விட்டுவிட்டு, சாப்பாட்டு நேரம் பார்த்து வீடுகளுக்குள் போய் உட்கார ஆரம்பித்தார்கள்.

ஒரு வீட்டில் எங்கள் மாவைக் கரைத்து மாமனார் ஆற அமரக் குடித்துக்கொண்டிருந்தார். கணவன், கொழுந்தன், பிள்ளைகள் எல்லாரும் சாப்பிட்டு எழுந்தார்கள். மாசமாயிருந்த பெண் சட்டியின் அடியை வழித்துக்கொண்டிருந்தாள்.

"நீ எப்பம்மா சாப்பிடுவே?" என்றார்கள் டாக்டர்.

"அல்லாரும் துன்னப்புறம், இருக்கறத துன்னுக்குவேம்மா. எப்பவும் அப்டித்தான்."

அங்கே யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. மாமியாரும் அப்படிச் சாப்பிட்டு, அப்படிப் பெற்றவர்தான். அதனால்தான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. ஜீப்பில் ஏறியதும் டாக்டர் சொன்னார்கள்: "மாவு குடுக்கறது மாமனாருக்கு. ரத்தம் எடுத்துப் பாக்கறது மருமகளுக்கு. எங்கேருந்து ஏறும்?"

சீக்கிரமே டப்பா நின்றது. அதே செலவில் ஊருக்கு ஓரிடத்தில் மத்தியானம் சமைத்து, கர்ப்பிணிகளை உட்கார வைத்து இலை போட்டார்கள். முருங்கைக்கீரை, முட்டை, பருப்பு. பரிமாறுவது மாமியார்கள். "பிள்ளைத்தாய்ச்சிக்கு முதல் பந்தி. கலெக்டரே வந்தாலும் அவருக்கு அடுத்த பந்திதான்" என்பார்கள் டாக்டர். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட மாமியார்களே பிறகு, "இன்னொரு கரண்டி போட்டுக்கடி, டாக்டரம்மா பாக்குது" என்று அதட்டத் தொடங்கினார்கள்.

தலைவருக்கு இது பிடிக்கவில்லை. "சாப்பிடறவங்களை எப்படி டாக்டர் போட்டோ எடுக்கறது? டப்பான்னா கையில குடுத்து எடுக்கலாம்" என்று அவர் கேட்டபோது நானும் அந்த அறையில் இருந்தேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். "வாயில சோறு இருக்கறப்ப எடுங்க சார். அதைவிட நல்ல படம் உங்களுக்குக் கிடைக்காது."

டாக்டர் படுக்கையில் விழுந்த மாதமே பந்தி நின்று டப்பா திரும்பி வந்தது. இந்த முறை முகம் இன்னும் பெரிது.

மயிலாப்பூர் மருத்துவமனையில்தான் கடைசியாகப் பார்த்தேன். பேச மூச்சு வாங்கியது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்குக் கையை அசைத்து நிறுத்திவிட்டார்கள். "செல்விக்கு எட்டாம் மாசம். ரத்தம் ரொம்பக் கம்மி. சாப்பிட்டாளான்னு போன் பண்ணிக் கேளு. வீட்டுக்காரங்ககிட்ட கேக்காத, சாப்பிட்டான்னுதான் சொல்லுவாங்க. அவகிட்டயே கேளு." செல்வி முதல் குழந்தையைப் பிரசவத்தில் பறிகொடுத்தவள். இதையாவது அவள் மடியில் போட்டுவிட வேண்டும் என்பது டாக்டரின் பிடிவாதம். அதற்குள் அவர்களே போய்விட்டார்கள்.

நினைவுக் கூட்டம் தி.நகரில் ஒரு ஹாலில். டாக்டரின் நினைவாக மேடையில் கர்ப்பிணிகளுக்கு வளைகாப்பு என்பது தலைவரின் யோசனை. அதற்காகக் கிராமத்துப் பெண்களை வேனில் ஏற்றி வந்திருந்தார்கள். "எட்டு மாசத்துப் பொண்ண இம்மாந்தூரம் குலுக்கினு கூட்டியாந்தேன் மேடம். வழியெல்லாம் வாந்தி. வேணாம்னா எவன் கேக்கறான்" என்றார் டிரைவர் காதர் பாய். அந்தப் பெண் செல்வி.

முன்வரிசையில் அவர்களை உட்கார வைத்து, மடியில் ஆளுக்கொரு டப்பாவும் கொடுத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை. அவர் வந்து வளையல் போட்ட பிறகுதான் சாப்பாடாம். மேடையில் முந்திரியும் காபியும் சுற்றி வந்தன. வாயைத் துடைத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக எழுந்து டாக்டரைத் தியாகத் தெய்வம் என்றார்கள். பின்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது. இவ்வளவு கூச்சமில்லாத கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

செல்வி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். குனிந்து, "சாப்ட்டியா?" என்று அவளிடமே கேட்டேன்.

"காலைல டீ குடிச்சேன்க்கா. அதுவும் நிக்கல. அவங்கல்லாம் சாப்ட்டப்புறம் சாப்ட்டுக்கறேன்."

டாக்டரின் மாலை போட்ட படத்துக்கு முன்னால் உட்கார்ந்து இதைச் சொன்னாள்.

சற்று நேரத்தில் என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். மைக்கில், "டாக்டரம்மாவோட பந்தி இப்பத் தொடங்குது. பிள்ளைத்தாய்ச்சிங்க எல்லாம் என்கூட வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி, செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பின்கட்டில் சமையல்காரர் தயங்கினார். காதர் பாய் அவரைத் தள்ளிக்கொண்டு போய்த் தானே இலை போட்டார். தலைவர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"கெஸ்ட் வர்ற நேரம்மா. காலி நாற்காலியையா காட்டறது? யாருக்கு வளையல் போடுவார்?"

"உங்களுக்குப் போடச் சொல்லுங்க சார்" என்றேன். என் வேலை போகும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

விருந்தினர் வந்தபோது முன்வரிசையில் டப்பாக்கள் மட்டும் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். பின்கட்டில் செல்வி முதல் உருண்டையை மெதுவாக இறக்கினாள். அது வயிற்றில் நின்றது. பிறகு தலை நிமிராமலே, "அக்கா, இன்னொரு முட்டை இருக்குமா?" என்றாள்.

போய் வாருங்கள், டாக்டர். செல்வி சாப்பிட்டாள். யாரிடமும் கேட்டுச் சொல்லவில்லை. அவள் இலை காலியாகும்வரை பக்கத்திலேயே நின்றேன்.