ஜெராய் மலையில் விழுந்த வெள்ளை

சுங்கைப்பட்டாணிப் பேரங்காடிக்குள் நான் போவதெல்லாம் பெரும்பாலும் குளுகுளு காற்றுக்காகத்தான். எதையாவது வாங்குவது அபூர்வம். போன வாரமும் வெயிலுக்குப் பயந்து உள்ளே நுழைந்து, கால் போன போக்கில் ஒரு புத்தகக் கடைக்குள் ஒதுங்கினேன். கழிவு விலைக் குவியலின் மேலே குளிர்காலத்தைப் பற்றிய சிறுவர் படப் புத்தகம் ஒன்று கிடந்தது. பிரித்தேன். இரண்டு பக்கம் நிறைய இலையில்லாத மரங்கள், வரிசை வரிசையாக. காலடியெல்லாம் வெள்ளை. அறுபதை நெருங்கும் ஒருத்தி சிறுவர் பகுதியில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்துக் கடைப் பெண் வந்து, பேரப்பிள்ளைக்கா ஆன்ட்டி என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். எனக்குத்தான் என்றால் நம்பவா போகிறாள்?

படத்தைக் கைப்பேசியில் பிடித்து லூனாசில் இருக்கும் என் தங்கை செல்விக்கு அனுப்பினேன். கூட ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை முடிந்து பேருந்தில் இருந்திருப்பாள். உடனே பதில் வந்தது.

"நம்ம தோட்டம்தானே?"

இதைப் புரியவைக்க உங்களை எங்கள் ஆயாக் கொட்டகைக்குத்தான் கூட்டிப்போக வேண்டும். ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்குப் போகும் தாய்மார்கள் விடியுமுன் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. பார்த்துக்கொண்டவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, ஆனால் அந்த வேலைக்குப் பெயர் ஆயா, ஆகவே அவரும் ஆயா. துரை பங்களாவைக் காலி செய்து போனபோது உடைந்த பொம்மைகளோடு ஒரு படப் புத்தகத்தையும் கொட்டகைக்கு அனுப்பிவைத்தார்கள். அட்டை கிடையாது, கடைசிப் பக்கங்களும் கிடையாது. கடைப் புத்தகத்தில் அன்று வந்த மை வாசம் அதில் வந்ததே இல்லை. அதற்குப் பால்மாவு வாசம், கூடவே கொஞ்சம் மூத்திர வாடை.

ஆனால் படங்கள்! அப்படிப் படம் வரைய முடியும் என்பதே எங்களுக்குத் தெரியாது. அதுவரை நாங்கள் பார்த்த படங்கள் சாமிப் படமும் நாட்காட்டியும்தான். இதில் மரக்கிளைகள் நுனிக்குப் போகப் போக மெலிந்து, கடைசியில் மயிரிழையாகி வானத்தில் கரைந்துபோகும். ஒரு பக்கம் முழுக்க வெள்ளை. நடுவில் சின்னதாக ஒரு வீடு, அதன் சன்னலில் ஒரு பொட்டு மஞ்சள் வெளிச்சம். அந்த வீட்டை நோக்கித் தலைமுதல் கால்வரை போர்த்திய ஒரு குழந்தை நடந்து போகும், பின்னால் அதன் காலடித் தடங்கள். அந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது, அதனால்தான் போர்த்தியிருக்கிறார்கள் என்பது எங்கள் முடிவு. விரலால் அந்தத் தடங்களைத் தொட்டுத் தொட்டே அந்தப் பக்கத்தை அழுக்காக்கிவிட்டோம். அதைப் பார்க்கும்போது பேச்சே வராது. கோயிலில் திரை விலகும்போதுகூட நாங்கள் அவ்வளவு அடக்கமாக இருந்ததில்லை.

விழுந்து கிடந்ததற்குப் பெயர் தெரியாது. ஆங்கில எழுத்தைப் படித்துச் சொல்ல ஆளில்லை. 'வெள்ளை' என்றே சொல்லிக்கொண்டோம்.

எனக்கு ஒன்பது வயது, பள்ளிவிட்டு வந்து தங்கையை அழைத்துப்போவது என் வேலை. செல்விக்கு ஆறு. படங்களின் வரிசையை அவள்தான் கண்டுபிடித்தாள். முதல் படத்தில் மரமெல்லாம் சிவந்த இலை. அடுத்ததில் இலை கொட்டுகிறது. அதற்கடுத்ததில் மரம் மொட்டை. அப்புறம் வெள்ளை. எங்கள் தோட்டத்திலும் பொங்கல் போய் வெயில் ஏறும்போது ரப்பர் இலை சிவக்கும், கொட்டும், மரம் மொட்டையாகும். மூன்று படம் அச்சு அசலாக நடந்திருக்கிறது, நான்காவது மட்டும் நடக்காமலா போகும்? வாழைக்கும் தென்னைக்கும் நடுவே வளர்ந்த பிள்ளைக்கு இப்படியொரு யோசனை வந்திருக்காது. ரப்பர்க் காட்டில் பிறந்திருக்க வேண்டும்.

இந்த வருசம் வெள்ளை விழும் என்று, தோட்டத்து ஆட்களின் வீட்டு வரிசையான லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஆட்களை வேலை வாங்கும் தண்டலின் மகன் மணி விடுவானா? பிள்ளைகளையெல்லாம் கூட்டித் தீர்ப்புச் சொன்னான்.

"புது எல வரதுக்குள்ள விழலன்னா, இனிமே அந்தப் புக்க நீ தொடக்கூடாது."

செல்வி சரியென்று தலையாட்டிவிட்டாள். அன்று ராத்திரி எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் அவளுக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு இந்தக் கதையே பிடிக்கவில்லை. இலை கொட்டும் மாதங்களில் பால் குறையும். மொட்டை மரத்தைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல் வரும். எங்களுக்கோ அது திருவிழா. மத்தியானத்திலும் இருட்டிக் கிடக்கும் காட்டுக்குள் திடீரென்று வானம் இறங்கிவிடும். நடந்தால் சருகு நொறுங்கும் சத்தம் பத்து மர வரிசை தாண்டிக் கேட்கும். நாங்கள் ஒரு பக்கத்தில் நின்றுகொண்டு அடுத்த பக்கத்துக்காகக் காத்திருந்தோம்.

நடுவில் செல்வி ஒரு குறுக்கு வழியும் பார்த்தாள். தஞ்சோங் டாவாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் பாயிடம் கையேந்தி, பெட்டியின் அடியில் கிடந்த ஐஸ் தூளை வாங்கி மரத்தடியில் தூவினாள். மணி வந்து சேர்வதற்குள் பாதி கரைந்துவிட்டது, மீதியில் ரெண்டு செதில் மினுங்கியது. குனிந்து முகர்ந்தவன், "கெம்போங் மீன் நாத்தம்லா இது," என்றான். கெம்போங் என்பது எங்கள் பக்கத்துக் கானாங்கெளுத்தி. லயமே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய?

பிறகு ஒருநாள் மணி எல்லாரையும் கூப்பிட்டான். லயத்துக்குப் பின்னால் மேட்டில் நின்ற ஒரு மரத்தைக் காட்டினான். கிளை நுனியில் செம்பு நிறத்தில் துளிர். முடிந்தது. எல்லாரும் அண்ணாந்து துளிரைப் பார்த்தோம். செல்வியும் பார்த்தாள். அவள் உதடு துடிப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை. துளிரைத் தாண்டி, கிளைகளுக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க விழுந்திருச்சு."

இலையில்லாத அத்தனை மரங்களுக்கும் பின்னால், மயிரிழைக் கிளைகளுக்கு நடுவே ஜெராய் மலை நின்றது. பத்து மாதம் இலை மறைத்துவைத்திருக்கும் மலை. அதன் உச்சியிலிருந்து தோள்வரை வெள்ளையாக ஏதோ படிந்து, அசையாமல் கிடந்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. புத்தகத்துப் படம் எங்கள் லயத்துக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது. 

மணிதான் முதலில் தெளிந்தான். அது மேகம் என்றான். இல்லை என்றாள் செல்வி. அந்த நேரம் பார்த்து அம்மா பால்வாளியோடு மேட்டில் ஏறி வந்தார். தீர்ப்புக்குப் பெரிய ஆள் கிடைத்துவிட்ட தைரியத்தில் மணி, "அத்த, அது மேகம்தானே?" என்று கேட்டான்.

நான் பயந்தேன். அம்மா களைத்துப் போயிருந்தார், வாளியில் பாதிகூடப் பால் இல்லை. வாளியை இறக்கி வைத்தார். செல்வியின் முகத்தைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். தினமும் மரப்பட்டையையும் பால் வடியும் மங்குக் கோப்பையையும் பார்த்துக் குனிந்தே நடந்த மனுஷி, அன்றைக்குத்தான் அந்தப் பக்கம் நிமிர்ந்திருப்பார் போல.

"விழுந்துதான்டா இருக்கு. நல்லாப் பாரு."

 புத்தகம் செல்விக்கே நிலைத்தது. அம்மா எங்களுக்காக அப்படிச் சொன்னாரா, நிஜமாகவே அவருக்கு அப்படித் தெரிந்ததா என்பது எனக்குத் தெரியாது. கடைசிவரை நான் கேட்கவும் இல்லை.

கடைப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை செல்வியைக் காரில் ஏற்றித் தோட்டத்துக்குப் போனேன். லயம் இல்லை, ஆயாக் கொட்டகை இருந்த இடம்கூடப் பிடிபடவில்லை. பழைய புத்தகத்தை என்றைக்கோ கரையான் தின்றுவிட்டது. அம்மாவும் இல்லை. மேடு மட்டும் இருக்கிறது. அதில் நின்று பார்த்தால் நாலாபக்கமும், ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காக நட்ட செம்பனை. அது சிவக்காது, உதிராது, வருசம் பூராவும் ஒரே பச்சை, கீழே ஒரே இருட்டு. மலை இருக்கும் திசையில் எட்டி எட்டிப் பார்த்தோம். மட்டைதான் தெரிந்தது.

செல்வி புத்தகத்தை விரித்து மொட்டை மரங்களின் பக்கத்தை ஒருமுறை பார்த்தாள். மறுபடி பனைகளைப் பார்த்தாள்.

"இங்க இனிமே வெள்ள விழாதுக்கா," என்றாள்.