ஆட்டுக்குப் பிடுங்கிய சாறணை

சாறணைக் கீரையை எத்தனை தண்ணீரில் அலசினாலும் பல்லில் ஒரு மணல் அகப்படும். அந்த நறநறப்பை என் பல் இன்றும் மறக்கவில்லை. மாரி மழை விழுந்ததும் எங்கள் வேலணைத் தீவில் வீட்டு வளவெங்கும் தானாய்ப் படரும் களை அது. தேங்காய்ப்பூ போட்டு "வறை" செய்தால் நல்ல கறிதான். ஆனால் சண்டையால் கடலுக்குப் போகத் தடை விழுந்து, மீன் பிடித்துவந்த அப்பா கூலி வேலை தேடி அலைந்த அந்த வருடம், எங்களுக்கு அது கறியல்ல, சோறு. தேங்காயும் இல்லை, எண்ணெயும் இல்லை; உப்புப் போட்டு அவித்ததைத் தின்றோம்.

எங்கள் வளவில் முடிந்ததும் அம்மா என்னைப் பக்கத்துத் தோட்டத்து மலர் மாமியிடம் அனுப்பினார். "ஆட்டுக்கெண்டு சொல்லு" என்பது கட்டளை. பசி வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று நினைத்தவர் அவர். ஆட்டை எப்போதோ விற்றுத் தின்றாயிற்று; வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கத்தில் அதைக் கட்டிய கட்டை மட்டும் நின்றது. எட்டு வயதில் அந்தப் பொய்யைக் கூச்சமில்லாமல் சொல்லப் பழகினேன். மாமியும் வெங்காயப் பாத்தி வரம்பைக் காட்டி, "வேண்டியளவு பிடுங்கு பிள்ளை, எனக்கும் களை குறையும்" என்பார்.

ஒரு மத்தியானம் அம்மா குசினி அடுப்பிலிருந்து கீரையை இறக்கிக் கோப்பைகளில் போட்டுத் தந்தார். நான் ஊதிக்கொண்டிருக்க, தம்பி முதல் வாயை விழுங்கிவிட்டான். அப்போது வேலிப் படலையில் மாமியின் குரல் மூச்சிரைக்கக் கேட்டது. "அக்கா, ஆட்டுக்கு வச்சிடாதேங்கோ. இவர் நேற்று வெங்காயத்துக்கு மருந்து அடிச்சவராம், இப்பதான் சொன்னவர்."

அம்மா என் கோப்பையைத் தட்டிவிட்டு, தம்பியைக் குப்புறப் பிடித்துத் தொண்டைக்குள் விரலை விட்டார். அவன் பச்சையாகச் சத்தி எடுத்தான். குசினி வாசலுக்கு வந்துவிட்ட மாமி, நிலத்தில் சிந்திய கீரையையும் கோடிப்பக்கத்து வெறுங்கட்டையையும் பார்த்தார். அம்மா நிமிரவில்லை. நான் பிடுங்கி வந்த கீரையால் தம்பி செத்துவிடுவானோ என்று பயந்து பொழுதுபடும் வரை அவன் பக்கத்திலேயே இருந்தேன். அவன் தப்பிவிட்டான்.

பொழுதுபட மாமி துணியால் மூடிய சட்டியோடு வந்தார். "கொஞ்சம் மிஞ்சிப் போச்சுது அக்கா. ஆட்டுக்கு வையுங்கோ."

உள்ளே ஆவி பறக்கும் சோறும் பருப்பும் இருந்தன. அம்மா "ஓம்" என்றார். சட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தடை நீங்கும் வரை, இல்லாத எங்கள் ஆட்டுக்கு அந்தச் சட்டி வந்துகொண்டிருந்தது.

மாமி இப்போது உயிரோடில்லை. அவருடைய தோட்டம் பற்றைக்காடாகிவிட்டது. சாமான் விலை ஏறிய காலத்திலிருந்து என் வேலியோரச் சாறணையை விடியமுன் யாரோ பிடுங்கிப் போகிறார்கள். யாரென்று நான் எட்டிப் பார்ப்பதில்லை. இன்று களைக்கு மருந்து அடிக்க வந்தவர், "வேலிக்கரையையும் அடிச்சு விடட்டோ அக்கா?" என்று கேட்டார்.

"வேண்டாம். அது ஆட்டுக்கு."

அவர் ஆட்டைத் தேடி வளவைச் சுற்றிப் பார்த்தார். வேலியோர ஈரமண்ணில், பிடுங்கிய இடத்தைச் சுற்றி ஒரு பிள்ளையின் சின்னக் கால் தடங்கள் இருந்தன.